ரெண்டு பல்லு

“இண்டைக்கு ரெண்டு பல்லாவது பிடுங்காமல் நான் வீட்டை போகமாட்டன்” என்று சொல்லி முடித்த பிறகுதான், எதிரே இருந்த தனுசியாவின் முகம் வெளிறிப் போனதை நிமலினி கண்டாள். திரும்பிப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையோடு மனேச்சர் வில்லியம் நின்றார்.

சுன்னாகத்தில் நீர்ப்பம்பி விற்கும் அந்தக் கந்தோரில் தோழிகள் இருவருக்கும் தனிப் பாஷை ஒன்று உண்டு. மனேச்சர் வருகிறார் என்றால் ‘மழை இருட்டுது’. விடாமல் கதைக்கும் வாடிக்கையாளர் ‘நாலு இஞ்சி அகலப் பைப்’. ‘பல்லுப் பிடுங்கிறது’ என்றால், ஏதாவது சாட்டுச் சொல்லி மூன்று மணிக்கே நழுவி, யாழ்ப்பாணம் போய் ஐஸ்கிரீம் குடிப்பது. ஒரு பல்லுக்கு ஒரு கப்.

“ரெண்டோ பிள்ளை?” என்று வில்லியம் கவலையோடு கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவரே.

“ஓம் சேர். கடைவாய்ப் பல்லு.”

அவர் உடனே லீவு கொடுத்து, துணைக்குத் தனுசியாவையும் அனுப்பிவைத்தார். இருவரும் ஆளுக்கு இரண்டு பல்லுப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

மறுநாள் காலை, எந்தப் பல்லு என்று வில்லியம் விசாரித்தார். வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், வீக்கம் வற்றிய பிறகுதான் பிடுங்கலாம் என்று டொக்டர் திருப்பி அனுப்பியதாக நிமலினி சொன்னாள். சொன்ன பிறகுதான் முகத்தில் வீக்கம் இல்லையே என்பது நினைவுக்கு வந்தது. குளியலறைக்கு ஓடிப்போய்க் கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டாள். அந்த வாயோடு அவள் பம்பி விலை சொன்னதைக் கேட்ட புத்தூர்த் தோட்டக்காரர், காலமையே தண்ணி போட்டாச்சோ என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அடுத்த நாள் வில்லியம் தன் மனைவி ஐரிஸ் காய்ச்சிய உப்பில்லாக் கஞ்சியை ஒரு பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்து, நிமலினி குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். தனுசியா எதிரே இருந்து மட்டன் ரோல்ஸ் கடித்தாள்.

அதற்கடுத்த நாளும் பிளாஸ்க் வந்தது. நிமலினி பஞ்சைத் துப்பிவிட்டு, பல்லு நோ முற்றாகப் போய்விட்டது என்று அறிவித்தாள். இன்னொரு பின்னேரம் லீவு கிடைக்கும் என்ற ஆசையில் தனுசியா இடையில் புகுந்தாள்.

“உது குளிசை போட்டதாலை சேர். வேர் இன்னும் பழுதுதான்.”

வேர்ப் பழுதை விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்றார் வில்லியம். அன்று மாலையே கோப்பாயில் தனக்குத் தெரிந்த பல் டொக்டரிடம், தன் காரிலேயே நிமலினியை ஏற்றிக்கொண்டு போனார். தனுசியாவைக் கந்தோரில் விட்டுவிட்டார்.

டொக்டர் அவளுடைய பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். முழங்கை நீளத்தில் ஓர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ரெண்டு காணாது. நாலையும் எடுப்பம்.”

நிமலினி நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டாள். “டொக்டர், பல்லு எண்டால் ஐஸ்கிரீம்” என்றாள். பிறகு மழை, பைப், பஞ்சு, கஞ்சி எல்லாவற்றையும் அழுதழுது ஒப்புவித்தாள். டொக்டர் ஊசியை வைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

கழுத்துத் துணியை அவிழ்க்க வந்த தாதி செல்வநாயகியின் கையை நிமலினி பிடித்துக்கொண்டாள். வெளியே இருக்கும் சேருக்கு மட்டும் இதைச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினாள்.

“அவருக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது தங்கச்சி? ‘பல்லிலை ஒரு பிழையும் இல்லை, ஒண்டையும் பிடுங்கிப்போடாதேங்கோ, பெரிய ஊசியை மட்டும் காட்டுங்கோ’ எண்டு அவர்தானே முந்தநாளே போன் எடுத்துச் சொன்னவர்.”