விரிசல் விட்ட அரசாணிப் பானைகள்

ஏற்காடு,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி சந்திரசேகர் அவர்களுக்கு,

கமலக்கண்ணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மகள் காவேரியும் நலம். என் மனைவி புவனேஸ்வரியும் நலம்தான். புருவம் மட்டும் பாதி கருகிவிட்டது, முகூர்த்தத்துக்குள் முளைத்துவிடும் என்கிறார்கள். சேலத்தில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கோகுலும் நலமென நம்புகிறேன். போனில் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்கும் என்பதால் கடிதம்.

எஸ்டேட் ரைட்டராக முப்பத்தோரு வருடம் உழைத்து ஓய்வு பெற்றேன், இனி வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தது என் தவறு. போன வருடம் புவனேஸ்வரி ஒரு மண்பாண்டக் குழுவில் சேர்ந்தாள். மொத்தம் பன்னிரண்டு பேர், ஒருவர் வீட்டிலும் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. தலைவர் அருள்சாமி, ஓய்வு பெற்ற பல் டாக்டர். அந்தக் காலத்தில் இடுக்கியால் பல்லைப் பிடுங்கியவர், கை சும்மா இருக்காமல் இப்போது சூளையிலிருந்து பானையைப் பிடுங்குகிறார். ராக்கு என்று ஜப்பான்காரர்களின் சுடும் முறையாம். பானை தணலாகச் சிவந்திருக்கும்போதே வெளியே எடுத்து, மரத்தூளும் சில்வர் ஓக் சருகும் நிரப்பிய தகர டிரம்மில் போட்டு மூடிவிட வேண்டும். கிளம்பும் புகைக்குக் கிளியூர் அருவி வரை இருமுகிறார்கள். திறந்தால் பானை கரியாகக் கறுத்து, மேல்பூச்செல்லாம் விரிசலாக வரும். உடனே பன்னிரண்டு பேரும் கை தட்டுகிறார்கள். தண்ணீர் ஊற்றினால் கசியும், சோறாக்கவும் ஆகாது. பிறகு எதற்குத்தான் ஆகும் என்று டாக்டரைக் கேட்டேன். "சும்மா வெச்சுப் பாத்துட்டே இருக்கலாமுங்க," என்றார்.

இத்தோடு போயிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். காவேரியின் கல்யாணத்துக்கு மணவறையில் அடுக்கும் அரசாணிப் பானைகளையும் இந்தக் கலைஞர்களே செய்து தருகிறார்களாம். நேற்று மூன்றும் வெந்து வந்தன. மூன்றிலும் விரிசல்.

"ஏம்மா, தாலி கட்டற எடத்துல விரிசல் உட்ட பானையா?" என்று புவனேஸ்வரியைக் கேட்டேன்.

"விரிசல்தானுங்க இதுல அழகே. உங்களுக்கு ரசனை நொம்பக் கம்மி," என்றாள்.

சம்பந்தியம்மா சகுனம் பார்ப்பவர். நிச்சயத்தன்று பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் பூனை குறுக்கே போனதென்று காரை அடிவாரத்துக்கே திருப்பியவர். அவர் கண்ணில் இந்தப் பானைகள் பட்டால் கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயத்தில் நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே மகள், சம்பந்தி. ஆகவே தாங்கள் சேலத்தில் நல்ல பானையாக மூன்று வாங்கி, கார் டிக்கியில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். முகூர்த்தத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுகிறேன். சம்பந்தியம்மாவிடம் மூச்சு விட வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
கமலக்கண்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியம்மாவே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நேராகப் போய்ப் பானைகளைப் பார்த்தார். விரிசல் விழுந்தால்தான் பானை தேறியதாக அர்த்தம் என்று புவனேஸ்வரி சொல்லவும் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாப்பிள்ளை ஊட்டுச் சார்புல நானும் ஒண்ணு சுடறனுங்க," என்று இடுக்கியை வாங்கிக்கொண்டார். பூச்சுப் பூசித் தயாராயிருந்த பானை ஒன்றைக் கொடுத்தார்கள். இப்போதுதான் டிரம்மைத் திறந்தோம். அவர் பானையில் மருந்துக்குக்கூட ஒரு விரிசல் இல்லை. அழுதபடி உட்கார்ந்திருக்கிறார். சேலத்துப் பானைகள் வேண்டவே வேண்டாம். இதைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், கண்டதும் புறப்பட்டு வந்து சமாதானம் சொல்லுங்கள். "விரிசலே உழுகாத பானைய வெச்சு எப்படிங்க தாலி கட்டறது? சகுனமே செரியில்லைங்க, தேதியத் தள்ளி வெய்ங்க," என்கிறார்.