வெள்ளைக்காரர் செய்த மஞ்சள் பல்

"சார், அந்த டீச்சரம்மா பல்லு மஞ்சளா இருக்காம். அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார்."

பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண் போனில் இப்படிச் சொன்னது வெள்ளைக்காரர் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. பீங்கான் பல் செய்யும் லேபில் அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை பிரித்துச் சொல்வார் என்பதால் அந்தப் பேர். மற்றபடி ஆள் மாநிறம்தான்.

டீச்சரம்மாவின் முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. டாக்டர் அதைச் சீவிவிட்டு மேலே மாட்ட ஓர் உறை கேட்டார். பக்கத்துப் பல்லின் போட்டோவைப் பார்த்து இவர் செய்து அனுப்பினார். டாக்டர் அதைத் தற்காலிகப் பசையில் ஒட்டி, "வீட்ல ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தார். இப்போது சொல்லிவிட்டார்கள்.

"ஒரு படி வெளுப்பாக்கிக் குடுத்துடுங்க, சனியன் விட்டுதுன்னு," என்றார் லேப் முதலாளி.

ஒரு படி வெளுப்பாக்கினார். மூன்றாம் நாள் மறுபடி போன்.

"முன்னைவிட மஞ்சளாம் சார்."

"அதெப்படிம்மா? வெளுப்பால்ல ஆக்கினேன்?"

"எனக்கென்ன தெரியும் சார். அவர் சொல்றார், நான் சொல்றேன்."

வெள்ளைக்காரர் யோசித்தார். பீங்கான் கொஞ்சம் வெளிச்சத்தை உள்ளே விட்டால்தான் பல் பல்லாக இருக்கும். ரொம்ப விட்டால் அடியில் கறுத்துக் கிடக்கும் பல் எட்டிப் பார்க்கும். அதுதான் மஞ்சள் அடிக்கிறது என்று முடிவு கட்டி, அடியில் வெளிச்சம் போகாத பூச்சைத் தடிமனாகப் போட்டுச் சூளையில் வைத்தார். வெந்து வந்த பல்லைப் பார்த்தால் அதை வைத்துக் கரும்பலகையில் எழுதலாம் போலிருந்தது. மனசு கேட்காமல்தான் அனுப்பினார்.

"இப்பப் படு மஞ்சளாம் சார். அசிங்கமா இருக்காம்."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் குழைந்தது. அவர் குரல் குழைந்தாலே ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நிறம் பாக்குற மெஷின் ஒண்ணு வந்திருக்கு. இது இன்னொரு தடவை திரும்பி வந்தா, நிறத்தை அது பாத்துக்கட்டும். நீங்க பிளாஸ்டர் அச்சு ஊத்துற பக்கம் போயிடுங்க. கண்ணுக்கும் ஓய்வு."

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஒரு தலையணை உறையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன கலர், சொல்லுங்க பாப்போம்."

"வெள்ளை. ஓரத்துல நீலம் தூக்கலா இருக்கு, நடுவுல எண்ணெய் ஏறியிருக்கு."

"கண்ணு நல்லாத்தானே இருக்கு. வீட்டைக் கூட்டச் சொன்னா மட்டும்தான் அழுக்கு தெரியாது."

"விளையாடாதடி. பொழப்பே இந்தக் கண்ணுலதான் இருக்கு."

அவள் உறையை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன். போன்ல கேட்டு எத்தனை நாளைக்குப் பல்லு செய்வீங்க?"

இருக்கிற தூளிலேயே வெளுத்த தூளை எடுத்து நாலாவது பல்லைச் செய்தார். இருட்டில் வைத்தாலும் தெரியும் போலிருந்தது. அதைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் டீச்சரம்மா வரும் நேரத்துக்கு டாக்டரிடம் போனார்.

டீச்சரம்மா சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. நீங்கதான் அந்த ஆளா? நல்லாப் பாருங்க. மஞ்சளா இருக்கா இல்லையா?"

வெள்ளைக்காரர் குனிந்து பார்த்தார். அவருடைய மூன்றாவது பல் அங்கே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளீரென்று நின்றது. இதில் மஞ்சள் எங்கே? கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். சன்னல் பக்கம் நகர்ந்து பார்த்தார். வெள்ளை, வெள்ளை, வெறும் வெள்ளை. போச்சு, கண் போயே போச்சு. அச்சு ஊற்றும் அறையின் ஈரமும் வாளியும் கண்முன் வந்தன.

"இருக்குங்களா?"

"இருக்குங்க," என்றார் வெள்ளைக்காரர். "லேசா."

"லேசாவா? இந்த அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. நான்தானே தினம் எதிர்ல உக்காந்து பாக்குறேன்? ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் இன்னும் மோசமாத்தான் ஆவுது."

"சரிங்க. எந்த இடத்துலன்னு ஒரு தடவை தொட்டுக் காட்டிடுங்க. அதோட முடிச்சுக்கலாம்."

வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, விரலை வாய்க்குள் விட்டு, அழுத்தமாக ஒரு பல்லைத் தொட்டார்.

"இதோ, இந்த சனியன்தான்."

டீச்சரம்மா அவர் கையைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, அது என் சொந்தப் பல்லுங்க. கல்யாணமானதிலேருந்து முப்பத்திரண்டு வருஷமா அதைத்தான் பாத்துட்டிருக்கீங்க."