முக்கொம்பனின் எடை

வாயில் பற்பசை நுரையோடு பால்கனிக்கு வந்த நாகேந்திரன், எதிர் மனையில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டைப் பார்த்தார். நுரையை விழுங்கிவிட்டார்.

இரண்டாவது மாடிச் சாரத்தில், ஒரு பூசணிக்காய்க்கும் பழைய செருப்புக்கும் நடுவே, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தான் முக்கொம்பன்.

முக்கொம்பன், 'செம்பருந்து' காமிக்ஸின் வில்லன். பன்னிரண்டு அங்குல உயரம், மூன்று கொம்பு, சிவந்த கண், மார்பு வரை நாக்கு. உலகம் முழுவதற்குமே ஐந்நூறு பொம்மைகள்தான் செய்தார்கள். அதில் ஒன்று தன் வீட்டு அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது என்பது நாகேந்திரனுடைய வாழ்வின் முதல் பெருமை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்பது இரண்டாவது. தான் எத்தனையாவது என்று மனைவி வடிவு கேட்டதில்லை.

"வடிவு! இங்க வா! அந்தப் பொம்மையைப் பாரு!"

வடிவு வந்தாள். பார்த்தாள்.

"திருஷ்டி பொம்மை. வீடு கட்டினா தொங்க விடுவாங்க."

"திருஷ்டி பொம்மையா? அது முக்கொம்பன்டி! எவனோ அருமை தெரியாம கழுத்துல கயிறு மாட்டியிருக்கான்!"

"அப்படியா? தோசை ஆறுது."

நாகேந்திரன் தோசைப் பக்கம் போகவில்லை. அலமாரிக்கு ஓடினார். பதினாலு பெட்டிகளும் வரிசையாக இருந்தன. முக்கொம்பன் பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து, சமையலறைத் தராசில் வைத்தார். ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். வாங்கிய அன்று என்ன எடையோ அதே எடை. மேல் சீலும் அப்படியே இருந்தது.

"வெயிட்டு சரியா இருக்கா?" என்றாள் வடிவு.

"கிராம் சுத்தமா இருக்கு."

"அப்புறம் என்ன? விடுங்க."

விட முடியாது. 'பிரிக்காத பெட்டி' என்பது நாகேந்திரன் நடத்தும் யூடியூப் சேனலின் பெயர். சூப்பர் ஹீரோ பொம்மைகளைப் பற்றி விமர்சனம் செய்வார். பெட்டியை மட்டும் திறக்கவே மாட்டார். அட்டையின் கனம், அச்சின் துல்லியம், மூலை மடிப்பு, எடை என்று இருபது நிமிடம் பேசி மதிப்பெண் போடுவார். "உள்ளே இருக்கற பொம்மை முக்கியமில்லை, பெட்டிதான் முக்கியம்" என்று பன்னிரண்டு வருடங்களாக வடிவிடமும் சொல்லி வருகிறார். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஆவடி ஸ்ரீநாத் என்ற ரசிகன் ஒரே கருத்தைத்தான் எழுதுவான்: "அண்ணா, ஒரு தடவையாவது திறந்து காட்டுங்கண்ணா."

நாகேந்திரன் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கும் திறந்து பார்க்க ஆசைதான். ஆனால் திறந்த பெட்டிக்கு மதிப்பு இல்லை. இப்போது இன்னொரு முக்கொம்பன் கிடைத்துவிட்டால், ஒருவன் பெட்டிக்குள்ளேயே இருப்பான். மற்றவனைக் கையில் எடுக்கலாம். கொம்பைத் தடவலாம். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பொம்மை ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு எதிர் மனைக்குப் போனார். பரந்தாமன் மேஸ்திரி மணல் குவியல்மேல் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இதே மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவர். நிழலில் சித்தாள் யுவராணி உட்கார்ந்து ஒரு செங்கல்லைக் கொத்திச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். ஓரம் கோடு போட்டதுபோல வந்திருந்தது. தரக்கட்டுப்பாட்டுக் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"நல்ல கைம்மா உனக்கு."

"பழக்கம் ஆயிப்போச்சு சார்" என்றாள் யுவராணி.

"மேஸ்திரி, அந்தப் பொம்மை எங்க கிடைச்சுது?"

பரந்தாமன் யுவராணியைப் பார்த்தார். யுவராணி செங்கல்லைப் பார்த்தாள்.

"தெரிஞ்சவங்க குடுத்தாங்க சார். யாருன்னு சொல்லக் கூடாதுன்னு பேச்சு. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"எனக்கு வேணும்."

"அய்ய! கட்டின பொம்மய நடுவுல அவுக்கலாமா சார்? கிரகப்பிரவேசம் முடியற வரிக்கும் கை வைக்கக் கூடாது. மாங்காடு, சென்னீர்குப்பம்னு நம்ம சைட்டு எல்லாத்துலயும் இப்ப ஃபாரின் பொம்மதான். ஒரு சைட்லயாவது ஒருத்தன் உயுந்துகிறானா, அடிபட்டுகிறானா?"

நாகேந்திரன் யோசித்தார். அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய், முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் வைத்த பெரிய திருஷ்டி பொம்மை ஒன்றை வாங்கி வந்து நீட்டினார்.

"இதைக் கட்டிக்குங்க. அதைக் குடுங்க."

பரந்தாமன் மனம் நெகிழ்ந்து போனார். "அண்ணாத்தே, அடுத்தவன் ஊட்டுக்கு இவ்ளோ செய்றீங்களே!" என்று அதை வாங்கி, முக்கொம்பனுக்குப் பக்கத்திலேயே துணைக்குக் கட்டிவிட்டார்.

பதினொரு மணிக்கு வீட்டுக்காரி கிருஷ்ணப்பிரியா வந்தாள். ஐ.டி. கம்பெனிக்காரி, ஊர் சேலம். இவள் படித்தவள், பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று நாகேந்திரன் நினைத்தார். அங்கேதான் ஒரு பொய் சொன்னார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொம்மையோட கொம்பு தெற்கு பாத்து இருக்கு. குடும்பத்துக்கு ஆகாது. கழட்டிடறது நல்லது."

கிருஷ்ணப்பிரியா பயந்துபோனாள். உடனே சேலத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டாள். நாகேந்திரன் நம்பிக்கையோடு காத்திருந்தார்.

"அம்மா கழட்டவே கூடாதுன்னுட்டாங்க" என்றாள் அவள். "கொம்பை வடக்கு பாத்துத் திருப்பி, மஞ்சள் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் கோத்து, இருக்கறதுலயே உசரமான இடத்துல கட்டணுமாம். நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப தேங்ஸ் அங்கிள்!"

ஐந்நூற்றில் ஒருவனான முக்கொம்பனை யுவராணி மடியில் போட்டுக்கொண்டு கொம்புக்கு ஒன்றாக மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். நாக்கில் மஞ்சள் பூசினாள். பிறகு படிக்கட்டு அறையின் உச்சியில், கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள். நாகேந்திரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அசல்தானா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, சேகரிப்பாளர்கள் குழுவில் போட்டார். 'நண்பர் ஒருவர் அனுப்பியது. அசலா, போலியா?' என்று மட்டும் கேட்டார். ஊர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் படத்தில் பொம்மைக்குப் பின்னால் மேனாம்பேட்டுத் தண்ணீர்த் தொட்டி முழுசாக விழுந்திருந்தது.

நாற்பதாவது நிமிடம் ஆவடியிலிருந்து ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவன் ஸ்ரீநாத்.

"அண்ணா! நீங்க இங்கதான் இருக்கீங்களா? அசல்தாண்ணா அது! எடது கொம்பு லேசா கோணலா இருக்கு பாருங்க, அதான் அடையாளம்!"

"கோணலா? எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உங்ககிட்டதான் ஒண்ணு இருக்கேண்ணா?"

"பெட்டியில இருக்கு" என்றார் நாகேந்திரன்.

இருவரும் அண்ணாந்து நின்றார்கள். வெயில் ஏறியது. கண் இமைக்கவில்லை. கிருஷ்ணப்பிரியா கீழே இறங்கி வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படிப் பாத்துட்டு இருக்கீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"பால்கனிக்கு கிளாஸ் போட்டிருக்கேனே, பாத்தீங்களா? முகப்பு டைல்ஸ் பாத்தீங்களா?"

"எந்த டைல்ஸ்?" என்றார்கள் இருவரும்.

அவள் முகம் மலர்ந்தது. "மேஸ்திரி! வேலை செய்யுது மேஸ்திரி! எல்லார் கண்ணும் பொம்மை மேலதான் இருக்கு, வீட்டை ஒருத்தர்கூடப் பாக்கலை! இனிமே யார் கேட்டாலும் அதை அவுக்காதீங்க!"

நாகேந்திரன் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். பொய் எல்லாம் தீர்ந்துவிட்டதால் உண்மையைச் சொன்னார்.

"மேடம், எனக்கு அதை ஒரு தடவை கையில வச்சுப் பாக்கணும். எங்கிட்ட பதினாலு இருக்கு, ஒண்ணைக்கூடத் தொட்டதில்லை. அவ்வளவுதான்."

கிருஷ்ணப்பிரியாவுக்கே பாவமாகிவிட்டது. "குடுக்கலாம் அங்கிள். ஆனா அந்த இடத்துல அதே அளவுக்குக் கண்ணை இழுக்கற மாதிரி வேற ஒண்ணு வேணுமே. அந்த மீசைப் பொம்மையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை."

பரந்தாமன் கைப்பேசியை எடுத்து, நாகேந்திரனை ஒரு படம் பிடித்தார். பிதுங்கிய கண்கள், திறந்த வாய், காலையிலிருந்து தாடையோரம் காய்ந்திருந்த பற்பசை நுரை.

"மேடம், இதப் பாருங்க."

கிருஷ்ணப்பிரியா பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள்.

"ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ் அடிச்சிடலாம் மேடம். பஸ் ஸ்டாப்பப் பாத்து மாட்டிக்கலாம்" என்றார் பரந்தாமன்.

"எத்தனை நாளைக்கு?" என்றார் நாகேந்திரன் பலவீனமாக.

"கிரகப்பிரவேசம் தை மாசம்தான் அங்கிள். ஏழே மாசம்."

அந்த பஸ் ஸ்டாப்பில்தான் தினமும் காலையில் கம்பெனி பஸ் நிற்கும். நாகேந்திரன் கம்பெனி பஸ்ஸை நினைத்தார். உச்சியில் வடக்கு பார்த்துத் தொங்கும் முக்கொம்பனை நினைத்தார்.

"சரி" என்றார்.

"அண்ணா, இந்த மனசு எனக்கு வராதுண்ணா" என்று ஸ்ரீநாத் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

நாலு மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. மேலே ஏற்றியதும் தெருவில் போன ஒரு ஷேர் ஆட்டோ தானாக வேகம் குறைத்தது. கிருஷ்ணப்பிரியாவுக்குப் பரம திருப்தி. ஸ்ரீநாத் ஃப்ளெக்ஸோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினான்.

பரந்தாமன் கம்பியை அறுத்து, முக்கொம்பனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நாகேந்திரன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நடுக்கொம்பைத் தடவினார். நாக்கைத் தொட்டார், விரலில் மஞ்சள் ஒட்டியது. இடது கொம்பு உண்மையிலேயே கோணல்தான். கம்பெனியாக இருந்தால் அந்த இடத்திலேயே கழித்துப் போட்டிருப்பார். இங்கே அதுவும் அழகாக இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"இனிமே வீட்டுல ஒண்ணு பெட்டிக்குள்ள, ஒண்ணு வெளியில" என்று பால்கனியைப் பார்த்துப் பொம்மையைத் தூக்கிக் காட்டினார். அங்கே நின்றிருந்த வடிவு சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யுவராணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பரந்தாமன் அவளுக்கு அவசரமாகக் கண் காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

"சார், பொம்மய வாங்கிக்கினீங்கல்ல? அப்ப உங்க ஊட்டம்மா அதுக்குப் பதிலா எட பாத்து பொட்டிக்குள்ள வச்சாங்களே, நான் சீவிக் குடுத்த செங்கல்லு, அத குடுத்துடுங்க. இந்த ஒண்ணு மட்டுந்தானா சார், இல்ல பதினாலும் திருப்பறீங்களா?"