கண்ணாடி லிஃப்டில் சித்தப்பா

நவீன கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் உயரிய நோக்கத்தோடு கட்டப்பட்டது எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடம். அங்கே லிஃப்ட்கூடக் கண்ணாடி. திறப்பு விழாவன்று அது, பொதுமக்களாகிய என்னையும் என் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

நின்றது பெரிய விஷயமில்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை. கழிப்பறையைத் தேடித்தான் மேலே போய்க்கொண்டிருந்தோம்.

“அம்மாடி, எவ்வளவு நேரமாகும்?”

“இதோ வந்துடுவாங்க. வேற எதையாவது நினைச்சுக்கோங்க.”

“வேற எதையும் நினைக்க முடியலம்மா!”

சித்தப்பா கண்ணாடியைத் தட்டினார். கீழே நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். காலை மாற்றி மாற்றி வைத்தார். கூட்டம் சேர்ந்தது. “யாராவது திறந்து விடுங்கய்யா!” என்று கத்தினார். கைதட்டினார்கள்.

கதவு ஒரு சாண் திறந்திருந்ததால், பேசுவதெல்லாம் எங்கள் காதில் விழுந்தது.

“அந்தக் கால்களின் தவிப்பைக் கவனியுங்கள்,” என்றார் ஒரு விமர்சகர். “மேலேயும் போக முடியாத, கீழேயும் வர முடியாத இன்றைய மனிதன்!”

நல்லவேளையாகக் கலைக்கூட இயக்குநர் வந்தார்.

“சார், மெக்கானிக்கைக் கூப்பிடுங்க!”

“வந்துட்டார்மா. இதோ பக்கத்துலதான் நிக்கிறார்.”

“அப்புறம் என்ன?”

“மக்கள் இதைப் படைப்புன்னு ஏத்துக்கிட்டாங்களே. படைச்சவர் சம்மதம் இல்லாம படைப்பைத் தொடக்கூடாது. அது விதி.”

“இது படைப்பு இல்ல சார், ரிப்பேர்!”

“அதைச் சொல்ல நீ யாரு? பார்க்கிறவங்களுக்கு என்ன தோணுதோ அதுதான் கலைன்னு போன வாரம் கருத்தரங்குல மேசையைத் தட்டிப் பேசினது நீதானே? நான்தானே பரிசு குடுத்தேன்?”

நான் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

“சரி சார். படைச்சது நான்தான். சம்மதம். திறங்க!”

“அப்படிச் சொல்லு! தலைப்பு?”

“சீக்கிரம்!” என்று அலறினார் சித்தப்பா.

“‘சீக்கிரம்’. ஆஹா!” என்ற இயக்குநர் மெக்கானிக்குக்குச் சைகை காட்டினார்.

லிஃப்ட் மேல்மாடிக்கு ஏறிக் கதவு திறந்தது. சித்தப்பா பாய்ந்தார். பின்னாலேயே கூட்டமும் படியேறி ஓடி, கழிப்பறை வாசலில் பயபக்தியோடு கைகட்டி நின்றது. சற்று நேரத்தில் அவர், உலகத்தையே மன்னித்துவிட்ட முகத்தோடு வெளியே வந்தார்.

விமர்சகர் உதட்டைப் பிதுக்கினார். “தவிப்பு அருமை. முடிவுதான் பலவீனம். நிம்மதியில் முடிவதெல்லாம் கலையாகுமா?”

எனக்கு வந்ததே கோபம்! பலவீனமா? என் படைப்பா? “நிம்மதியைவிடப் பெரிய கலை எது, சொல்லுங்க பார்ப்போம்!” என்று பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதியது. பொழுது போனதே தெரியவில்லை.

“அம்மாடி,” சித்தப்பா என் தோளைச் சுரண்டினார். மறுபடியும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். “நான் போயிட்டு வந்துடறேனே?”

“கொஞ்சம் பொறுங்க சித்தப்பா,” என்றேன். “இவருக்குப் புரியற வரைக்கும் அப்படியே நில்லுங்க.”