நூற்றுக்கு நூறு கணினிமயம்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு மனிதகுலம் கண்ட மாபெரும் முன்னேற்றம், அந்தப் பல்கலைக்கழக நூலகம் கணினிமயமானதுதான். பெருமை முழுக்க முழுக்க நூலகரையே சேரும்.

லேசில் கிடைத்த பெருமையல்ல அது. கணினி வேலை செய்தால் மின்சாரம் இருக்காது. மின்சாரம் இருந்தால் கடவுச்சொல் தெரிந்தவர் விடுப்பில் இருப்பார். கணினியோடு பெட்டியில் வந்த 'எலி' ஒன்றுதான். ஏற்கெனவே பணியில் இருந்த எலிகள் அதன் வாலைக் கடித்துத் துண்டாக்கின. புத்தகங்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை பாதியில் நொண்டியது. அப்போதுதான் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார்.

"அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. நூறு சதவீதம் ஏறியிருக்கணும். இல்லேன்னா உங்க நாற்காலிக்கு வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

நூலகருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் அவர் மனைவி, மூட மறுத்த பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பீரோ வாங்கணுமா?" என்றார் நூலகர் அலுப்புடன்.

"எதுக்குங்க? துணியைக் குறைச்சா கதவு தானா மூடிக்கப்போகுது!"

சாய்ந்து கிடந்த நூலகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாளே லாரி வந்தது. கணினியில் ஏறாத புத்தகங்களெல்லாம் லாரியில் ஏறின. அலமாரியில் மிஞ்சியவை அத்தனையும் கணினியில் இருந்தன. நூறு சதவீதம்!

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பதறிக்கொண்டு வந்தாள்.

"சார், மண்ணரிப்பு பத்தின அந்தப் பழைய புத்தகத்தைக் காணோம்!"

"கம்ப்யூட்டர்ல தேடினியாம்மா?"

"இல்லைன்னு காட்டுது."

"அப்ப இல்லை."

"போன வாரம் நானே பார்த்தேன் சார்! என் ஆய்வுல பாதி அதை நம்பித்தான் இருக்கு."

"போன வாரம் நாம இவ்வளவு முன்னேறலையேம்மா. மிச்சப் பாதியை வச்சு முடிக்கப் பாரு."

அவள் கண் கலங்கியது. நூலகருக்கும் ஒரு கணம் நெஞ்சைப் பிசைந்தது; படிக்கிற காலத்தில் அவரும் அந்தப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவர்தான். ஆனால் ஏசி அறையில் அப்படிப்பட்ட உணர்ச்சிகள் அதிக நேரம் தாங்குவதில்லை.

ஆய்வுக் குழு வந்தது. திரையைப் பார்த்தது. அலமாரிப் பக்கம் போகவில்லை, அங்கே தூசி. குழுத் தலைவர் கேடயத்தை நீட்டியபடி வியந்தார்:

"இவ்வளவு பெரிய லைப்ரரியை ஒரே வாரத்துல எப்படி சார் முடிச்சீங்க?"

"எல்லாம் கூட்டு முயற்சி சார்."

என்னே அடக்கம்! முன்பெல்லாம் ஒரு நூலகத்தை முடிக்க எதிரிப் படை திரண்டு வந்து தீ வைக்க வேண்டியிருந்தது. நம் நூலகர் ஒரு தீக்குச்சியைக்கூட வீணாக்கவில்லை.