கைக்குட்டையில் குடியிருந்த பேய்

ஜூன் மாதம் பிறந்தால் திண்டிவனத்தில் மூன்று வரிசைகள் நீளும். நோட்டுப் புத்தகக் கடை வரிசை ஒன்று, யூனிஃபார்ம் கடை வரிசை ஒன்று, அடம்தீர்த்த சாமி வரிசை ஒன்று. முதல் இரண்டும் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். மூன்றாவது ஆகஸ்ட் வரைக்கும் கலையாது.

சாமி லேசுப்பட்டவர் அல்ல, ஸ்பெஷலிஸ்ட். கல்யாணத் தடை, செய்வினை, குடும்பச் சண்டை எதையும் தொடமாட்டார். எல்.கே.ஜி. போகமாட்டேன் என்று அழும் பிள்ளைகளை மட்டும்தான் பார்ப்பார். மேம்பாலத்துப் பக்கம் தகரக் கொட்டகை, வாசலில் ஆளுயர பிளக்ஸ். அதில் இடப்பக்கம் அழுகிற பிள்ளை, வலப்பக்கம் சிரிக்கிற பிள்ளை, நடுவில் கையைத் தூக்கியபடி சாமி. அழுகிற பிள்ளையும் சிரிக்கிற பிள்ளையும் ஒரே பிள்ளை இல்லை என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். அந்த வரிசையில் நின்றவர்கள் எதையும் உற்றுப் பார்க்கிற ரகம் இல்லை.

முன்பு இவருக்குப் பெயர் சீனுவாசன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மூட்டுவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். தைலம் வாங்கிப் பூசிய ஏட்டு ஒருவருக்கு வலி இரண்டு மடங்கானதும், சீனுவாசனுக்கு ஞானம் பிறந்தது. ஊரை மாற்றிக்கொண்டார்.

வைத்திய முறை இதுதான். பிள்ளையின் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கவிடுகிறோமே கைக்குட்டை, அதை வீட்டிலேயே மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து எடுத்து வரவேண்டும். சாமி செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். மஞ்சள் துணியில் திட்டுத் திட்டாகச் சிவப்பு பூக்கும். "பாத்தியா! ஸ்கூல் புளியமரத்து மேல இருந்தது இப்ப உன் புள்ள மேல குந்திக்கினு கீது!" என்பார். தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உடனே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். பேய் அவுட்!

அப்புறம் கையில் ஒரு கயிறு, காதில் ஓர் உத்தரவு. "இருவத்தோரு நாளு ஒரு நாள்கூட விடாம ஸ்கூலுக்கு அனுப்பு. விட்டுட்டா நான் பொறுப்பில்ல." மூன்று வாரம் விடாமல் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தானாகவே பழகிவிடும். பழகியது பிள்ளை, பேர் வாங்கியது கயிறு! பழகாத பிள்ளைகளுக்கு இரண்டாவது விசிட். அதில் எலுமிச்சம்பழம் கிடையாது. மஞ்சள் கிழங்கை நெருப்பில் காட்டி உள்ளங்காலில் சூடு.

பரிமளாவுக்கு அன்றைக்கு இரண்டாவது விசிட்.

அவள் மகனுக்கு மூன்றரை வயது. பெயர் வல்லரசு. பெயர் வைத்தவன் அப்பன் ராஜ்குமார். வல்லரசு ஸ்கூல் கேட்டைப் பார்த்ததும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரைக் கூட்டும். இருபத்தோரு நாள் கயிறு கட்டியும் அழுகை ஓயவில்லை. பரிமளா வேலை பார்க்கும் ஜவுளிக்கடை முதலாளி, இன்னொரு நாள் லேட்டாக வந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பிஞ்சுக் காலில் சூடு வைக்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.

"ஏங்க, சூடு வேணாங்க. பச்சப்புள்ளங்க அவன்."

"ஒரு நிமிசம் கத்துவான், அவ்ளோதான்," என்றான் ராஜ்குமார், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. "நாளைலேருந்து டாண்ணு ஸ்கூலுக்குப் போவான் பாரு. டெய்லி காத்தால இந்தப் பேஜாரு என்னால முடியல."

வரிசை ஓரமாக வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டு வந்தாள் கோவிந்தம்மாள். மடியில் வெற்றிலை, இடுப்பில் சுண்ணாம்பு டப்பா. பரிமளா கையிலிருந்த கைக்குட்டை நழுவி விழுந்தது. கோவிந்தம்மாள் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிக் கொடுத்தாள். துணியில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்தது.

"ஐயையோ! தீர்த்தமே தெளிக்கல, அதுக்குள்ள வந்துடுச்சே!" என்று அலறினாள் பரிமளா.

"எது வந்துச்சு?" கோவிந்தம்மாள் தன் விரலைப் பார்த்தாள். "அடியே, இது என் சுண்ணாம்புடி! மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்காம, பச்சையாவா பூடும்? உன் கண்ணாலத்துக்கு ஒருத்தியும் ஆரத்தி கரைக்கலியா?"

பரிமளா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரைக்காமலா? போன மாதம் திருவெண்ணெய்நல்லூரில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்ததே அவள்தான். தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தபோது அவள் பேய் என்று அலறவில்லை. நல்லா வந்திருக்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். வரிசையில் நின்ற அத்தனை பெண்களுடையதும் பிள்ளைகள் பிறந்தது முதல் வருசத்துக்கு நாலு ஆரத்தி கரைத்த கைகள்தான்! அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. அடுத்து ஆத்திரம் வந்தது.

"யக்கா, அந்த டப்பாவ எடுத்துக்கினு கொஞ்சம் உள்ள வா," என்றாள்.

அவர்கள் முறை வந்தது. உள்ளே தூபக்காலில் கரி கனன்றுகொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சள் கிழங்கு. சாமி மஞ்சளில் முக்கியெடுத்த வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாந்தபாவா? கெட்டியான ஆளுதான் குந்தியிருக்குது. புள்ள கால நீட்டு."

கண் விழித்த வல்லரசு நெருப்பைப் பார்த்து வீறிட்டது. ராஜ்குமார் அதன் காலைப் பிடித்தான். பரிமளா நடுவில் புகுந்து நின்றுகொண்டாள்.

"சாமி, ஒரு டவுட்டு. பேய் இருந்தாதான் துணி செவக்குமா?"

"ஆமாம்மா."

"பேய் இல்லாட்டி?"

"மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். ஜல்தி துணியக் குடு, பின்னால கும்பல் நிக்குது."

பரிமளா துணியைக் கொடுக்கவில்லை. செம்பை எடுத்தாள். எடுத்து, சாமியின் மடியிலேயே கவிழ்த்தாள்.

வேட்டி, முழங்கால் முதல் இடுப்பு வரை சிவந்தது.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "ஐயோ, பேய் சாமி மேல தாவிடுச்சு!" நாலு பேர் சாமிக்காகக் கற்பூரம் ஏற்றப் பார்த்தார்கள். பக்தி என்றால் சும்மாவா?

"எந்தப் பேயும் தாவல!" என்று கோவிந்தம்மாள் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து நீட்டினாள். "ஆளுக்கு ஒரு விரல் தொட்டு அவங்கவங்க துணில வையி. ஆரத்தி கரைச்ச கைதான எல்லாம்?"

முதலில் தயங்கினார்கள். ஒருத்தி வைத்தாள். சிவந்தது. பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். சிவந்தது. வரிசை முழுக்க டப்பா போனது. தட்டில் கிடந்த எலுமிச்சம்பழத்தை யாரோ பிழிந்து பார்த்தார்கள். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. செம்பை விளக்கு வெளிச்சத்தில் காட்டினால், அடியில் விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதற்குள் சாமி பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு வெளியேறிவிட்டார். சிவப்பு வேட்டியோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு.

வெளியே வந்து மேம்பாலத்து நிழலில் உட்கார்ந்ததும், பரிமளா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டா ராசா, ஸ்கூல்ல இன்னா பயம் உனக்கு? மிஸ் அடிக்கிறாங்களா?"

வல்லரசு மூக்கை உறிஞ்சியது. "நீ பிஸ்கட் வாங்கிக்கினு வர்றேன்னு சொல்லிட்டுப் போற. வரவே மாட்ற."

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. தினமும் கேட்டருகில் அவள் சொல்லிவிட்டு ஓடுகிற பொய் அது. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் இந்தப் பக்கம் ஓடிவிடுவாள். பெல் அடித்ததும் கூட்டிவரப் போவது ராஜ்குமார்தான். அம்மா தொலைந்துபோய்விட்டாள் என்று பிள்ளை தினமும் அழுதிருக்கிறது. அவளும் அழுதாள். ராஜ்குமார் பெட்டிக்கடைப் பக்கம் பிஸ்கட் வாங்க நடந்தான்.

மறுநாள் அவள் ஓடவில்லை. முதலாளியிடம் கெஞ்சிக் காலையில் பத்து நிமிஷமும் பெல் அடிக்கிற நேரத்தில் பத்து நிமிஷமும் அனுமதி வாங்கியிருந்தாள். குந்தி உட்கார்ந்து, "அம்மா கடைக்குப் போறேன். நீ சாப்ட்டு, தூங்கி எழுந்து, பெல் அடிச்சதும் இதே கேட்டுல நிப்பேன்," என்றாள். வல்லரசு அன்றைக்கும் அழுதது. ஆனால் பெல் அடித்தபோது அம்மா நின்றாள். மறுநாளும் நின்றாள். அந்த வாரக் கடைசியில் அழுகை பாதியானது. ஒரே நாளில் நின்றுவிட்டது என்று அளக்க நான் என்ன தைலமா விற்கிறேன்?

அடுத்த வாரம் ஜவுளிக்கடையில் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டே ஓர் அம்மா அவளிடம் கிசுகிசுத்தார். "அந்த ஆளு டுபாக்கூருன்னு சொல்றாங்க. சரி, வேற நல்ல சாமியா யாராச்சும் இருக்காங்களாம்மா? எம்பொண்ணு டெய்லி அழுதுக்கினே கீது."

"கீழ பாருங்க," என்றாள் பரிமளா. "உங்க முந்தானையப் புடிச்சிக்கினு நிக்குதே, அதை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த அம்மா கேட்டதில்லை. நாம் யார்தான் கேட்டோம்? பிள்ளை ஏன் அழுகிறது என்று எலுமிச்சம்பழத்தைக் கேட்கிறோம், செம்புத் தண்ணீரைக் கேட்கிறோம், கைக்குட்டையைக்கூடக் கேட்கிறோம். வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிற பிள்ளையைக் கேட்க மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை!