இடப்பக்க சைலன்சர்

திருவொற்றியூரில் தண்டபாணி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தண்டபாணி அல்ல, அவன் சம்சாரம் குணசுந்தரியும் அல்ல. ஒரு பழைய யெஸ்டி மோட்டார் பைக். வீடு என்று பெயர். இருப்பது ஒரு முன்னறை, ஒரு சமையலறை. முன்னறையில் பாதி வண்டிக்குச் சொந்தம். மீதிப் பாதியில் கட்டில், பீரோ, டிவி, புருஷன், பெண்டாட்டி எல்லோரும் அனுசரித்துப் போகவேண்டும். விருந்தாளி வந்தால் தண்டபாணி வண்டி சீட்டைத் துடைத்து "ஒக்காருங்க" என்பான். வந்தவர் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காபி குடிப்பார்.

ஏனப்பா வண்டியை உள்ளே வைக்கிறாய் என்று கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். அரை மணி நேரம் கடல் காற்றைப் பற்றிப் பேசுவான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. அந்த உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், தாழ்ப்பாளைத் தின்னும், விட்டால் கதவு நம்பரையும் தின்னும். தண்டபாணி எண்ணூரில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஃபிட்டர். இரும்பில் துருவைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரியும்.

குணசுந்தரிக்கும் வயிறு எரிந்தது, வேறு காரணத்துக்கு. தையல் கிளாஸ் முடித்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் அம்மா வாங்கிக் கொடுத்த தையல் மிஷின், இங்கே வைக்க இடமில்லாமல், பெரம்பூரில் தம்பி திலீப் வீட்டில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்து "மிஷின் எப்பக்கா வரும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வரும். அழுதால் வண்டி நகராது என்பதால் அழவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துக் கோடை. ஒரு திங்கட்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது, அவள் அளவு நாடாவை வைத்து வண்டியை அளந்துகொண்டிருந்தாள்.

"இன்னாமே, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"மிஷினுக்கு இடம் பாக்கறேன். வண்டி நிக்கிற இடம் அளவெடுத்த மாரி கீது."

"அப்போ வண்டி எங்க போவும்?"

"வெளிய. ஊர்ல எல்லார் வண்டியும் எங்க நிக்குதோ அங்க."

"துரு புடிச்சிடும்மே!"

"உள்ள வெச்சு மட்டும் இன்னா கிழிச்சே? அந்த சைலன்சர் ரெண்டையும் பாரு, கருவாட்டுக் கலர்ல கீது. நல்லா பெயிண்ட் அடிச்சு வெளிய வுடுய்யா."

தண்டபாணி சிரித்தான். விவரம் தெரிந்தவன் விவரம் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "சைலன்சருக்குப் பெயிண்ட் அடிக்கறது இன்னா, வாசல்ல கோலம் போடறதா? சூடுமே, சூடு! சாதா பெயிண்ட் ஒரே நாள்ல கருகி உரிஞ்சுடும். அதுக்குன்னு தனி பெயிண்ட் கீது, தனி பக்குவம் கீது. உனுக்கு இன்னா தெரியும்?"

"தோசைக்கல்லு தெரியும்."

"தோசைக்கல்லும் சைலன்சரும் ஒண்ணா?"

"ரெண்டும் இரும்பு. ரெண்டும் சூட்டுல வேலை செய்யுது. பந்தயம் வெச்சுக்கலாமா? ரெண்டு சைலன்சர் கீதுல்ல. லெஃப்ட் உன்னுது, ரைட் என்னுது. ஒரே டப்பா பெயிண்ட். ஞாயித்துக்கெழம எண்ணூர் வரைக்கும் ஓட்டு. உன்னுது உரிஞ்சு என்னுது நின்னா, வண்டி வெளிய, மிஷின் உள்ள."

"உன்னுது உரிஞ்சா?"

"வண்டி உள்ளயே நிக்கட்டும். ரெண்டும் நின்னாக்கூட நிக்கட்டும். மிஷின்ற பேச்சே எடுக்க மாட்டேன்."

இதைவிட நல்ல பந்தயம் யாருக்குக் கிடைக்கும்? பாய்லர் ஃபிட்டரோடு பெயிண்ட் பந்தயம்! ஜெயித்துவிட்டது போலவே அன்றைக்கு ரெண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டான்.

மறுநாள் யானைக்கவுனிக்குப் போய் சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வந்தான். புதன்கிழமை லீவு போட்டான். வண்டியை வாசலுக்குத் தள்ளி, ரெண்டு சைலன்சரையும் கழற்றினான். ரெண்டும் ஒரே அச்சு. இடத்தை வலத்தில் மாட்டலாம், வலத்தை இடத்தில் மாட்டலாம், வண்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எமரி பேப்பரால் தேய்த்தார்கள். துருவெல்லாம் உதிர்ந்து வெள்ளி மாதிரி இரும்பு வெளியே வந்ததும் குணசுந்தரிக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

டப்பாவில் எழுதியிருந்ததைத் தண்டபாணி எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னான். மெல்லிசாக மூன்று கோட்டு பூசவேண்டும். நன்றாகக் காய்ந்தபின் பத்து நிமிஷம் சூடு, ஆறவிட வேண்டும். பிறகு இருபது நிமிஷம் சூடு, ஆறவிட வேண்டும். அதற்கப்புறம்தான் முழுச் சூடு. அப்போதுதான் பெயிண்ட் வெந்து இரும்போடு ஒட்டும்.

"சூடு பட்டா உரியற பெயிண்ட் பாத்துக்கீறேன். சூடு பட்டாத்தான் ஒட்டுமா?" என்று டப்பாவை மோந்து பார்த்தாள்.

"ஆமா. ஒரேயடியா சூடேத்தினா மேல மட்டும் காஞ்சுபூடும். உள்ள மாட்டிகின ஈரம் கிழிச்சுகினு வெளிய வரும்."

"அதான் சின்ன தீ."

"ஆங், சின்ன தீ."

"புதுக் கல்லு பழக்கறதும் இப்படித்தான்யா. எண்ணெய தடவி, சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி தடவி..."

அவள் சொன்னது சரியாக இருந்ததால் அவனுக்கு எரிச்சல் வந்தது.

தேய்த்த தூளைக் கழுவவேண்டும். தண்டபாணி சமையலறைக்குப் போய் ஒரு குடத்தைத் தூக்கினான்.

"வை கீழ! அது லாரித் தண்ணி. கியூல ரெண்டு மணி நேரம் நின்னு, நாலு பேரோட சண்ட போட்டுப் புட்ச்சது. உன் சைலன்சரு குளிக்கவா?"

"நீயே வெச்சுக்கோமே! எனுக்கு பம்பு கீது" என்று வாசலில் இருந்த அடிபம்பில் தன் சைலன்சரைப் படுக்கவைத்து, குடம் குடமாக அடித்துக் கழுவினான். குணசுந்தரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தன்னுடையதை ரெண்டே சொம்பு லாரித் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஈரம் போக ஸ்டவ்வில் லேசாக வாட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்று கோட்டும் முடிந்து ரெண்டும் வண்டியில் ஏறின. இடப்பக்கம் அவனுடையது, வலப்பக்கம் அவளுடையது. இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. எது யாருடையது என்று பெயிண்ட்டைப் பார்த்துச் சொல்ல அவனாலேயே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைவரை வண்டியை எடுக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கம்பெனிக்குப் போனவன், பெயிண்டர் மாரியப்பனிடம் பெருமையடித்தான். மாரியப்பன் பாய்லர் புகைபோக்கிக்கே பெயிண்ட் அடிக்கிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினான்.

"தேச்சது சரி மாமு. மூணு கோட்டும் சரி. கழுவுனது எந்தத் தண்ணி?"

"பம்பு தண்ணி."

"திருவொத்தியூர் பம்பா? அய்ய, போச்சு!"

"இன்னா போச்சு?"

"அத்த வாயில ஊத்திக்கீறியா? கடலுக்குப் பக்கத்து வூட்டுத் தண்ணி அது. தண்ணி காஞ்சுபூடும், உப்பு எங்க போவும்? இரும்பு மேலயே குந்திக்கும். நீ அதும்மேல மூணு கோட்டு போத்தி வுட்டுகீறே. உப்பு ஈரத்த இஸ்துகினே இருக்கும். சூடேறினா ஈரம் ஆவியாவும். ஆவிக்கு வழி? பெயிண்ட்ட பூரி மாரி தூக்கிடும்!"

தண்டபாணி வாயைப் பிளந்து கேட்டான். அட, என்ன அருமையான விஷயம்! இத்தனை வருஷமாய் பாய்லரோடு குப்பை கொட்டி இது தெரியாமல் போச்சே! தெருவில் அடிபம்புக் கைப்பிடிக்கு அடித்த பெயிண்ட் எல்லாம் ஏன் கொப்புளம் கொப்புளமாய் நிற்கிறது என்று இப்போதல்லவா புரிகிறது! அப்படியே ரசித்துக்கொண்டிருந்தவனுக்கு, பூரியாகப் போவது தன் சைலன்சர் என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

மறுபடி தேய்த்து அடிக்க ரெண்டு நாள் வேண்டும். அவளுக்குத் தெரியாமல் முடியாது. தோற்றால் வண்டி வெளியே. வருகிற மழைக்காலத்தில் அது வாசலில் நனைந்துகொண்டு நிற்பதை நினைத்தான். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு, விடிகிற நேரத்தில் ஒரு யோசனை கண்டுபிடித்தான். யோசனை என்றா சொன்னேன்? பச்சைத் திருட்டுத்தனம்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்தான். குணசுந்தரி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் கெங்கம்மாக்கா வூட்டுக்குப் போய்ட்டு வரேன். வர ஒரு மணி நேரம் ஆவும்" என்றாள். கெங்கம்மா ரெண்டு தெரு தள்ளியிருக்கும் மாரியப்பனின் சம்சாரம்.

"போய்ட்டு வாமே, பொறுமையா வா."

"ஒரு மணி நேரம் ஆவும்" என்று வாசலில் நின்று இன்னொரு தரம் சொன்னாள்.

அவள் தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டான். நட்டெல்லாம் வெண்ணெய் மாதிரிக் கழன்றது. தன் கை பலத்தைத் தானே மெச்சிக்கொண்டான். இடப்பக்கத்துச் சைலன்சரை வலப்பக்கம் மாட்டினான், வலப்பக்கத்தில் இருந்ததை இடப்பக்கம் மாட்டினான். விரல் ரேகையைக்கூடத் துணியால் துடைத்தான். அவள் திரும்பி வந்தபோது கட்டிலில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான், பால் மணம் மாறாத முகத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்புச் சொல்ல மச்சான் திலீப் பெரம்பூரிலிருந்து வந்தான். மீன்பாடி என்கிற மூணு சக்கர வண்டியில் வந்தான். பின்னால் போர்வை சுற்றிய தையல் மிஷின்.

"இன்னாடா இது?"

"அக்காதான் எதுக்கும் எடுத்துகினு வரச் சொல்ச்சு மாமா. நீ ஜெயிச்சா திருப்பி எடுத்துகினு போறேன்."

"அப்போ இறக்காத. வண்டிக்காரர நிக்கச் சொல்லு" என்றான் தண்டபாணி பெருந்தன்மையாக.

வாசலில் இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஆறவைத்தார்கள். இருபது நிமிஷம் ஓடவிட்டு ஆறவைத்தார்கள். தெருவே கூடி நின்றது. ரெண்டு சைலன்சரிலும் மெல்லிசாகப் புகை கிளம்ப, "வேவுது, வேவுது!" என்று குணசுந்தரி குழந்தை மாதிரிக் குதித்தாள். பிறகு திலீப்பைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தண்டபாணி புறப்பட்டான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, காத்திவாக்கம் தாண்டி, எண்ணூரைத் தொட்டு, முறுக்கு முறுக்கு என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டு திரும்பினான். அவள் சைலன்சர் நன்றாக நிற்கவேண்டும், தன்னுடையது நன்றாகப் பொரியவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டான். எந்தச் சாமிக்கும் இப்படியொரு வேண்டுதல் வந்திருக்காது.

வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே, "திலீப்பு, மொதல்ல என் சைட பாரு!" என்றான்.

திலீப் இடப்பக்கம் குனிந்தான். "மாமா..."

"சொல்லு, சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு."

"புட்டுகிச்சு மாமா."

தண்டபாணி குதித்து இறங்கினான். இஞ்சின் பக்கத்திலிருந்து வால் வரைக்கும் கொப்புளம். விரலால் தொட்டதும் வறுத்த அப்பளம் போல உடைந்து கையோடு வந்தது. ஓடிப்போய் வலப்பக்கம் பார்த்தான். மொழுமொழுவென்று, கருங்கல் சிலை மாதிரி, ஒரு கீறல் இல்லை.

"இது எப்படி?" என்று கத்தினான். "லெஃப்ட்ல கீறது உன்னுதுமே!"

குணசுந்தரி இடுப்பில் கை வைத்தாள்.

"ரைட்ல கீறதுதானே என்னுது? என்னுது எப்படிய்யா லெஃப்ட்டுக்கு வந்துச்சு?"

தண்டபாணி கையோடு வந்த பெயிண்ட் அப்பளத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"நானே சொல்றேன்" என்றாள். "பம்புத் தண்ணில கழுவுனது பொரிஞ்சுடும்னு உனுக்கு எடுத்துச் சொன்ன கதையச் சொல்லி மாரியப்பண்ணன் வூட்ல வுழுந்து வுழுந்து சிரிச்சாராம். நேத்து காலைல லாரி கியூல கெங்கம்மாக்கா சொன்னாங்க. நேரா வூட்டுக்கு வந்தேன், ஸ்பேனர எடுத்தேன், ரெண்டையும் மாத்தி மாட்டினேன். சாய்ங்காலம் உன்ன தனியா வுட்டுட்டுப் போனேன். நீ மறுபடி மாத்தி, உன்னுத உன் சைட்லயே கொண்டாந்து வெச்சுகீறே."

திலீப் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்போ மாமா கையே வெக்காம இருந்திருந்தா...?"

"உங்க மாமாதான் ஜெயிச்சிருப்பாரு. வாய மூடிகினு போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "தூக்குடா தம்பி."

மிஷின் படியேறி உள்ளே போனது. தண்டபாணி வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அவனுக்குத் தோற்றதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் குடைந்தது. நிலைப்படிக்கு வெளியே நின்றபடியே கேட்டான்.

"ஏம்மே, நான் ஒருவேள யோக்கியமா இருந்திருந்தா உன் மிஷின் போயிருக்குமே. எந்த தைரியத்துலமே மாத்தினே?"

குணசுந்தரி போர்வையை உருவி மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பதினாலு வருஷமா குடும்பம் நடத்தறேன். உன்ன நம்பித்தான்யா மாத்தினேன்."